டிக்கெட்டில் ஆறரை மணி, உடம்புக்குப் பதினாலரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிளினிக் நடத்தும் எனக்கு, வருடக் கடைசியில் ஒரு தனிக்கூட்டம் வரும். லண்டனில் படித்து அங்கேயே வேலைக்கு அமர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் படிக்கவைத்தவர்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

போன நவம்பரில் வந்த அம்மாவும் அப்படித்தான். நெடுநாளாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காலை 7, இரவு 7 என்று இரண்டு வேளை இன்சுலின். டிக்கெட்டை நீட்டினார். "ராத்திரி பதினொன்றரைக்கு ஏறினா காலையில ஆறு மணிக்கு இறங்கிடலாம் டாக்டர். ஆறரை மணி நேரந்தானே?"

டிக்கெட்டில் பொய் இல்லை. ஏறும் நேரம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால், கோடையில் 7. ஆறரையோடு எட்டைக் கூட்டினால் பதினாலரை. கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் 12 மணி நேரத்தில் போய்விடலாமே என்பார்கள். மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று. அதனால் திரும்பும் பயணம்தான் சீக்கிரம் முடியும்.

இன்சுலின் போடுபவர்களுக்கு ஆபத்து இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த அம்மா இரவு 7 மணிக்கு ஊசி போட்டுவிட்டு ஏறுகிறார். அடுத்த ஊசி லண்டன் கடிகாரப்படி காலை 7 என்று காத்திருந்தால், இடைவெளி 12 அல்ல, 20 மணி நேரம். திரும்பும்போது நேர்மாறு. விமானத்தில் லண்டன் நேரம் இரவு 7-க்குப் போட்டு, கோலாலம்பூரில் காலை 7-க்கு இறங்கியதும் மறுபடி போட்டால், இரண்டுக்கும் நடுவே நாலே மணி நேரம். எனக்கு அதிகப் பயம் இதில்தான். சர்க்கரை தாழ்ந்து, பெட்டி வரும் இடத்திலேயே மயங்கி விழலாம்.

எந்த நேரத்துக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். டிக்கெட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள், அவர் எழுதித் தரட்டும். அந்த அம்மாவுக்கு நான் சொன்னது, கையில் இரண்டு கடிகாரம். "பைத்தியக்காரின்னு சொல்ல மாட்டாங்களா?" என்று சிரித்தார், ஆனால் கட்டிக்கொண்டார். அப்புறம், இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உதவாது.

இனி கால். நம் ஊரிலிருந்து விமான நிலையத்துக்கே காரில் மூன்றரை, நாலு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. ஆகமொத்தம் 21 மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் உட்கார்ந்தபடி. நாலு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணத்தில் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ரத்தக்கட்டு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கார், பஸ்ஸுக்கும் இது பொருந்தும். ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவுதான், பீதி வேண்டாம். ஆனால் முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வழியில் காரை நிறுத்தி இறங்குங்கள், விமானத்தில் எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். தூக்க மாத்திரை போட்டுக் கட்டைபோல் கிடக்க வேண்டாம்.

இறங்கிய பிறகும் சில வாரங்களுக்குக் கவனம் தேவை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, "குளிர் ஒத்துக்கல" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.