சாண்ட்பாக்ஸ்: மணல்தொட்டியா, பட்டியா?

நம்பத்தகாத ஒரு நிரலை ஓடவிட்டு, அது தொடக்கூடிய கோப்பு, நினைவகம், இணையத் தொடர்பு எல்லாவற்றுக்கும் எல்லை கட்டிவைக்கும் ஏற்பாடுதான் சாண்ட்பாக்ஸ். உலாவியில் திறந்த பக்கம் கெட்ட நிரலோடு வந்தாலும் நம் வங்கி ஆவணங்களை அது எட்டாமல் தடுப்பது இதுவே.

மேலை நாடுகளில் நாலு பலகை அடித்து, குழந்தைகள் விளையாட மணல் கொட்டிவைப்பார்கள். அதுதான் சாண்ட்பாக்ஸ், மணல்தொட்டி. 1993இல் பெர்க்லி ஆய்வாளர்கள், ஒரு நிரற்பகுதி தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதவோ தாவவோ முடியாதபடி அதன் கட்டளைகளைத் திருத்தும் உத்திக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். இணையப் பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்களான ஜாவா ஆப்லெட்டுகளோடு சொல் பரவியது. ஏற்பாடு இன்னும் பழையது. ஒரு கோப்புறையையே நிரலுக்கு முழு உலகமாகக் காட்டும் சிஎச்ரூட், 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் 7ஆம் பதிப்பிலேயே இருந்தது. ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு ஓடும் நிரல் அதிலிருந்து தப்பிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

2000இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் தன் ஏற்பாட்டுக்கு ஜெயில் என்றே பெயரிட்டது. வேலூர்க்காரர்களுக்குத் தொரப்பாடி மத்தியச் சிறை நினைவுக்கு வரும். ஆனால் இங்கே குற்றம் நடக்கும் முன்பே அடைக்கிறோம். சிறை என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை.

லினக்ஸில் 2005இல் வந்த செக்காம்ப், நிரல் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், கேட்கக்கூடியவற்றைச் சுருக்குகிறது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பிளெட்ஜில் நிரலே 'இவ்வளவுதான் கேட்பேன்' என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்கிறது. மீறினால் கெர்னல் அதைக் கொன்றுவிடும். நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு இது. விண்டோஸ் 8இல் ஆப்கன்டெய்னர் என்ற இதே வகை ஏற்பாடு வந்தது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனிப் பயனர் எண்ணோடு ஓடுகிறது.

தமிழில்? விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கத்துக்கு மணல்தொட்டி என்ற பெயர் பொருத்தமே. பாதுகாப்புக்கு அது போதாது. பாலாற்று மணலில் விளையாடிய பிள்ளைக்கு மணல் என்றதும் எல்லை தோன்றாது. இங்கே எல்லைதான் பொருள்.

'பட்டி' என்பேன். ஒடுகத்தூர்ப் பக்கம் ஆடு வளர்ப்பவர்க்குச் சொல்லித்தர வேண்டாத சொல். பட்டிக்குள் ஆடு தழை தின்னும், உலவும். பக்கத்துக் கொல்லையின் நிலக்கடலையில் வாய் வைக்காது. படலைத் திறப்பது ஆட்டுக்காரர். கெர்னலின் வேலையும் அதுதான். சாண்ட்பாக்ஸிங்கைப் பட்டியடைப்பு என்றும், நிரல் தப்பிவிடும் பிழையைப் பட்டிமீறல் என்றும் எழுதலாம். பாடக்குறிப்பில் முதல்முறை மட்டும் சாண்ட்பாக்ஸ் என்பதையும் உடன் எழுதினால் மாணவர்கள் தேடிப் படிக்க உதவும்.