சூரியகாந்திக்கு ஆரக்கால் முளைப்பது ஏன்?

"ஆர் (R) என்ற கணினி மொழியில் 5,000 புள்ளிகள் வைத்துச் சூரியகாந்தி வரைந்தேன். நடுப்பகுதி அசல் பூ மாதிரியே இருக்கிறது. ஓரத்தில் மட்டும் விதைகள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போல நேர்கோட்டில் நிற்கின்றன. கோணம் 137.5 பாகைதான் கொடுத்தேன்" என்கிறார் ஒரு வாசகர்.

கோளாறு அந்த 137.5-இல்தான் இருக்கிறது.

ஆர், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய புள்ளியியல் மொழி. அதில் சிதறல் படம் போடத் தெரிந்தவருக்கு இந்தப் பூ பத்து வரி வேலை. வாய்பாடு ஆய்வாளர் ஹெல்முட் வோகல் 1979-இல் தந்தது. விதையின் வரிசை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் மையத்திலிருந்து தொலைவு: 100-ஆவதற்கு 10, 400-ஆவதற்கு 20. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளர்வதால் அடர்த்தி சீராகும். வர்க்கமூலத்தை மறந்தால் ஓரம் வழுக்கை.

இனி கோணம், அதாவது ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குத் திரும்பும் அளவு. 137.5-ஐ 360-ஆல் வகுத்தால் சரியாக 55/144. அதாவது 144 தடவை திரும்பினால் மிச்சமே இல்லாமல் 55 சுற்று முடிந்துவிடும்; 145-ஆவது விதை முதல் விதையின் திசையிலேயே போய் உட்காரும். உள்ளே இது கண்ணில் படாது. அங்கே ஒரு விதைக்கு மிக அருகில் இருப்பவை 21, 34, 55 எண் தள்ளியவை. ஏறத்தாழ 1,500-ஐத் தாண்டியதும் 144 தள்ளிய விதையே மிக நெருங்கிய அண்டையாகிறது. பிறகென்ன, 144 ஆரக்கால்!

பொற்கோணம் என்பது வட்டத்தைப் பொன் விகிதத்தில் (ஏறத்தாழ 1.618-க்கு 1) இரண்டாகப் பிரித்தால் கிடைக்கும் சிறிய கோணம். அதன் உண்மையான அளவு 137.5077… பாகை. எந்தப் பின்னமும் அதைச் சுலபத்தில் நெருங்காது என்பதே அதன் தனிச்சிறப்பு. 144 விதைக்கு ஒருமுறை 1.1 பாகை விலகுவதால் கோடு வளைந்து சுருளாகிறது. (முகத்திலும் கோபுரத்திலும் பொன் விகிதம் தேடுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இங்கே காரணம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் அளவுகோலை வசதிக்கு நகர்த்துவதுதான்.)

எனவே தசமத்தைக் கையால் தட்டாமல், பை (π) × (3 − 5-இன் வர்க்கமூலம்) என்று எழுதி ஆர் மொழியையே கணக்கிட விடுங்கள். கிடைப்பது கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில், 2.39996. வெறும் 2.4 என்று போட்டாலும் 137.5-ஐவிடப் பிழை குறைவு.

சைனும் கோசைனும் ரேடியனையே எதிர்பார்க்கும். பாகையை மாற்றாமல் கொடுத்தால் பிழைச்செய்தி வராது, வேறொரு பூ வரும். ஆர் மொழியில் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2-இல் 'கோஆர்ட்_ஃபிக்ஸ்ட்' சேர்க்காவிட்டால் வட்டம் முட்டையாகும்; அச்சுகளை 'தீம்_வாய்ட்' நீக்கும்.

தப்பான கோணமும் வீணில்லை: 500 புள்ளிகளுக்கு 137 பாகை கொடுங்கள், 21 கைகளோடு ஒரு சுழல் விரியும்.