டியூபில் பால் ஊட்டப் பாட்டிக்கும் பழக்குங்கள்

குறைமாதக் குழந்தை, அண்ணப் பிளவோடு (மேல்வாய் பிளந்து) பிறந்த குழந்தை, இருதய வருத்தத்தால் பால் குடிக்கும்போதே களைத்துப்போகிற குழந்தை என்று சிலர் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் டியூபோடு வீட்டுக்குப் போகிறார்கள். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று இசைவது பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தை ஒட்டித்தான். குறைமாதக் குழந்தைக்கு அதுவரை டியூப் வேண்டும்.

வார்டில் தாதியாகிய நாங்கள் பழக்குவது அம்மாவுக்கு. ஆனால் ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பிரசவ லீவு முடிந்ததும் அம்மா கொழுந்துக்குப் போய்விடுவார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிள்ளையைப் பார்ப்பது அப்பாயியோ அம்மாயியோதான். அதனால் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன் அவர்களையும் கூட்டி வாருங்கள். பார்த்தால் போதாது, தாதியின் முன்னால் அவர்களே ஒரு தடவையாவது செய்து காட்டட்டும்.

ஒவ்வொரு முறையும் பாலுக்கு முன் டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். மூக்கு ஓரத்தில் டியூப் எத்தனை சென்டிமீட்டர் குறியில் நிற்கிறதென்று வார்டில் எழுதித் தருவார்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு டியூபில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். பிறகு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, வருவதை அமிலத்தை அளக்கும் பி.எச். தாளில் விட்டுப் பாருங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் சரி. காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கிற பழைய முறையை நம்பாதீர்கள், டியூப் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். கோடு நகர்ந்திருந்தால் பால் வேண்டாம். உள்ளே தள்ளவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

தலையை உயர்த்திப் பிடித்து, பால் தானாக இறங்க விடுங்கள். அழுத்தி ஏற்றினால் வாந்தி வரும். முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்கப் போடாதீர்கள். பாலுக்குப் பின் டியூபைக் கழுவும் தண்ணீர் டாக்டர் சொன்ன அளவுதான். ஓமத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் எதுவும் டியூபில் போகக்கூடாது. பாட்டிமார் அன்பில்தான் கொடுக்கிறார்கள், ஆனால் டியூப் அடைத்துவிடும்.

பால் போகும்போது குழந்தை இருமினால், நீலம் பாய்ந்தால், மூச்சுத் திணறினால் உடனே நிறுத்தி 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கள். மேட்டு லயத்துக்கு ஆம்புலன்ஸ் ஏறாது என்றால், ராத்திரியில் யாருடைய ஆட்டோவைக் கூப்பிடுவது என்பதை வீட்டுக்குப் போகும் அன்றே பேசி வையுங்கள்.