வின்கிரிஸ்டின்: சொல் விளக்கம்

வின்கிரிஸ்டின்: இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இரத்தக்குழாய் வழியே ஏற்றப்படும் மருந்து.

பெயரின் முன்பாதி 'வின்கா' என்ற செடியின் பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த 'வின்கா ரோசியா' பின்னர் 'காத்தராந்தஸ் ரோசியஸ்' ஆயிற்று. காத்தராந்தஸ் என்றால் கிரேக்கத்தில் தூய மலர். நம்மவர்கள் அதே பூவைச் சுடுகாட்டுப்பூ என்றார்கள். மனம் கேட்காதவர்கள் நித்தியகல்யாணி என்றார்கள். மலாயில் கெமுந்திங் சீனா. மடகாஸ்கரில் பிறந்த செடி, இன்று பினாங்கு அடுக்குமாடி வீடுகளின் வாசல் தொட்டிகளில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது.

ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும் 1950களில் ஆராய்ந்தபோது, எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள்தான் குறைந்தன. அப்படிக் கிடைத்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழல்களை அது உருவாகவிடாது.

கீமோதெரபிக்கு 'வேதிச்சிகிச்சை' பொருத்தமான சொல். மருந்தின் பெயரை மட்டும் தமிழாக்க வேண்டாம் என்பேன். நோயாளியின் அட்டையில் இருக்கும் பெயரே வாயிலும் வரவேண்டும். 'நித்தியகல்யாணிச் சத்து' என்று எழுதிவிட்டால், தொட்டியில் இருக்கும் இலையைப் பறித்து அவிக்க யாராவது கிளம்பிவிடுவார்கள். அந்த இலை நஞ்சு. மருந்துக்கு மாற்றும் அல்ல.

தமிழ் தேவைப்படுவது பக்கவிளைவுகளுக்குத்தான். வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்கும். விரல் நுனி மதமதப்பது, பாதத்தில் ஊசி குத்துவது, சட்டைப் பொத்தான் போட வராதது, நடக்கையில் முன்பாதம் தொங்குவது, தாடை வலி எல்லாம் அதன் வேலை. 'உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது' என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. தாதியிடம் மலாயில் 'கெபாஸ்' என்றாலே மரத்துப்போவதைப் புரிந்துகொள்வார். மலச்சிக்கலுக்கு 'செம்பெலிட்'. இதைச் சொல்ல வெட்கப்பட்டு நாள் கடத்துபவர்கள் நிறைய. குடல் நரம்பும் மந்தமாவதால் வருவது இது. முற்றினால் குடல் இயக்கமே நின்றுபோகலாம். முடி கொட்டுவது மீண்டும் வளர்ந்துவிடும். நரம்புத் தொல்லை தணியப் பல மாதங்கள் ஆகலாம்.

இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் இதன் நச்சுத்தன்மையைக் கூட்டும். வேறு மருந்து எது எடுத்தாலும், கஷாயம் உட்பட, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வின்கிரிஸ்டினை இரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுவார்கள். தண்டுவடத்தில் போனால் உயிருக்கே ஆபத்து. குழாயை விட்டு வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். எனவே ஏறும்போது கை எரிந்தாலோ வீங்கினாலோ, பாட்டில் முடியட்டும் என்று பொறுத்திருக்காமல் அந்த நொடியே தாதியை அழைக்க வேண்டும்.