துளை விழுந்த இரண்டு கற்கள்

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில், பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து உள்ளங்கையை வைத்தால் சொரசொரவென்று குத்தும். முருகைக்கல், அதாவது பவளக்கல். ஊன்றிப் பார்த்தால் கல் முழுவதும் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் மிஞ்சிய அந்தச் சுவரைத் தொடாமல் நான் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. பாம்பனில் வளர்ந்த எனக்கு அது பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கத்தில்தான் மொரீசியஸின் தலைநகரான போர்ட் லூயியிலும், ஆப்ரவாசி காட் படிக்கட்டில் கை வைத்தேன். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் 1849 முதல் கரையேறிய இடம் அது. அவர்களில் தமிழர்களும் உண்டு. அங்கே கல் கறுப்பு. அதிலும் துளைகள் இருந்தன, ஆனால் நட்சத்திரம் இல்லை. தோசைக்கல்லில் மாவு வேகும்போது விழும் கண்களைப்போல வெறும் வட்டப் பொத்தல்கள்.

தோசையின் கண் எப்படி விழுகிறதோ, ஏறத்தாழ அப்படியேதான் இதுவும் விழுந்தது. பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கரைந்திருக்கும். ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அவற்றை வெளியேற விடாது. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். மூடி திறந்த சோடாவைப்போல வாயு குமிழ்விடும். குமிழி தப்பிப்பதற்குள் குழம்பு இறுகிவிட்டால் அதன் வடிவம் கல்லிலேயே தங்கிவிடும். இப்படி இறுகிய எரிமலைப் பாறைக்குப் பசால்ட் என்று பெயர். இரும்பும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால் கறுப்பு. குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு என்பதால் குழம்பு கஞ்சிபோல இளகி ஓடி, அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்து, கவிழ்த்த கேடயம்போன்ற அகன்ற மலையாகும். போர்ட் லூயிக்குப் பின்னால் கட்டைவிரல்போல நிற்கும் லெ பூஸ் சிகரம் அப்படிப்பட்ட பழைய எரிமலை ஒன்றின் தேய்ந்த விளிம்பு.

1735இல் வந்த பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே இந்தத் துறைமுகத்தை நகரமாக்கினார். அதற்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. குன்றின்மேல் அவர்கள் எழுப்பிய கோட்டையும் அதே பசால்ட் கருங்கல்தான். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. அதைக் கையில் வாங்கியபோது, இந்தக் கல்லைச் செதுக்கிய தமிழ்க் கைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தீவு எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்குப் பெரிய வியப்பு. பூமிக்கு உள்ளே ஓரிடத்தில் அடுப்புபோல ஒரு வெப்பம் பல கோடி ஆண்டுகளாக எரிகிறது. அதற்கு மேலே கடலடியையும் கண்டத்தையும் சுமக்கும் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அந்த அடுப்பின்மேல் இருந்தபோது கொட்டிய குழம்புதான் தக்காணப் பீடபூமியின் வடமேற்குப் பகுதியை மூடியிருக்கும் பாறை. இந்தியா வடக்கே நகர்ந்தபோது லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளங்கள் வரிசையாக உருவாயின. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீசியஸ். இன்று அந்த அடுப்பு பக்கத்திலுள்ள ரீயூனியன் தீவில் எரிகிறது. அஜந்தாவைக் குடைந்த பாறையும் நான் கை வைத்த படிக்கட்டும் ஒரே அடுப்பில் வெந்தவை!

அடுப்பை விட்டு விலகிய தட்டு குளிரும், கனக்கும், மெல்லத் தாழும். அதன்மேல் இருக்கும் தீவும் கூடவே அமிழும். அமிழும் கரையைச் சுற்றிப் பவளம் மேல்நோக்கி வளரும். கடைசியில் எரிமலை மறைந்துபோய்ப் பவள வளையம் மட்டும் மிஞ்சும். மாலத்தீவு அப்படித்தான் ஆனது. 1836இல் போர்ட் லூயியில் தங்கிச் சென்ற சார்லஸ் டார்வின் இந்த விளக்கத்தை 1842இல் வெளியிட்டார். 1952இல் பசிபிக்கின் எனிவீடாக் தீவில் துளையிட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பவளச் சுண்ணாம்பைக் கடந்த பிறகு எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

மன்னார் வளைகுடாவில் நம் 21 தீவுகளுக்கு அடியில் எரிமலை எதுவும் கிடையாது. ஆழம் குறைவு, வெயில் கடலடி வரை எட்டுகிறது. பவளத்துக்கு அது போதும். பவளப் பூச்சியின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்க, பூச்சி கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம் கட்டுகிறது. கிண்ணத்துக்குள் அது எழுப்பும் மெல்லிய தடுப்புகள்தான் நான் தொட்ட நட்சத்திரம். எரிமலைக் கல்லின் துளை வாயு இருந்த இடம். நம் கல்லின் துளை ஓர் உயிர் குடியிருந்த வீடு. முருகைக்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கருங்கல்லில் ஒன்றும் நடக்காது.

அந்த வீடுகளைத்தான் நாம் வெட்டினோம். சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் பல காலமாகப் பவளப்பாறையைப் பெயர்த்தோம். அலையின் வேகத்தைக் கரைக்கு முன்பே முறிப்பது மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் அந்தத் திட்டுதான். அது போனால் பின்னாலிருக்கும் மணல் தீவு கரையும். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில். 2001இல்தான் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டம் மிகுந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்குள் வந்தன. எவ்வளவு தாமதம் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

போர்ட் லூயியை விட்டுக் கிளம்பும் நாளில் ஒரு பழைய கிடங்கின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கருங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் நடுவே வெள்ளைக் காரை. தீவைச் சுற்றியுள்ள பவளத்தைக் காளவாயில் சுட்டுத்தான் அங்கேயும் சுண்ணாம்பு எடுத்திருக்கிறார்கள். விரலால் தேய்த்தேன். எங்கள் பாம்பன் வீட்டுச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் அதே வெள்ளை மாவு.