ரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரையா? தாரு குடும்பங்களில் முதலில் பார்க்க வேண்டியது

நேபாளத்தின் தராய்ச் சமவெளியிலும், அதையொட்டிய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், பீகார் எல்லையோரத்திலும் வாழ்பவர்கள் தாரு மக்கள். இவர்கள் உடல்நலம் பற்றிப் பேச்செடுத்தாலே, 'குடிப்பழக்கம், சுத்தமின்மை, படிப்பறிவின்மை' என்று ஆரம்பித்துவிடுகிறோம். நேபாளத்தின் தாங், பர்தியா மாவட்டப் பக்கத்து நோயாளிகளைப் பார்த்த மருத்துவனாகச் சொல்கிறேன், முதலில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

தராய்க் காடுகளில் மலேரியாவுக்குப் பயந்து வெளியாட்கள் தங்கமாட்டார்கள். தாருக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தார்கள். அவர்களிடம் பரவலாக உள்ள ஆல்ஃபா தலசீமியா என்னும் ரத்த மரபணு மாற்றம் மலேரியாவைத் தாங்க உதவியது அதற்கு ஒரு காரணம். சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணுவும் மலேரியாவைத் தாங்க உதவும். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பெருமளவு காக்கும், இருவரிடமிருந்தும் வந்தால் நோயாகிவிடும். 1950களில் டிடிடி பூச்சிமருந்து தெளித்து மலேரியாவை அடக்கியதும் மலைப்பகுதி ஆட்கள் வந்து குடியேறினார்கள். நிலத்தை இழந்த தாருக்கள் பலர் கமையா என்னும் கொத்தடிமை முறையில் சிக்கினார்கள். அது ஒழிக்கப்பட்டது 2000-ல்தான்.

நடவுக் காலத்தில் வரும் இளம்பெண்ணைப் பாருங்கள். நாளெல்லாம் சேற்றிலும் மழையிலும் குனிந்து நட்டிருப்பாள். முழங்காலும் முதுகும் விண்விண்ணென்று தெறிக்கும், கண் மஞ்சளாக இருக்கும். ஒரு இடத்தில் வாதம் என்பார்கள், இன்னொரு இடத்தில் காமாலை என்பார்கள். கையில் இரும்புச்சத்து மாத்திரை அட்டை இருக்கும். அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைவதால்தான் ரத்தம் குறைகிறது. இரும்பு பற்றாததால் அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே மிகையாகச் சேர்ந்திருக்கும். சிலருக்கு உண்மையிலேயே இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம். அதையும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஊகித்து அல்ல.

சாப்பாட்டில் நான் கை வைப்பதில்லை. ஆளிவிதை சேர்த்துச் சமைத்து, ஓட்டோடு உறிஞ்சிச் சாப்பிடும் கோங்கி நத்தை நல்ல புரதம். நன்றாக வெந்தால் போதும். அரிசிமாவை ஆவியில் அவிக்கும் டிக்ரி நம் கொழுக்கட்டை மாதிரிதான். ஜாட் என்னும் அரிசிக் கள் விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். மது உடலின் நீரை வற்றவைக்கும். நீர் வற்றினால் அரிவாள் அணுக்கள் ரத்தக் குழாயை அடைத்து வலியைக் கிளப்பும். வயலுக்குத் தண்ணீர் எடுத்துப் போங்கள், நனைந்த துணியோடு நிற்காதீர்கள் என்று சலிக்காமல் சொல்கிறேன். குருவா என்னும் தாரு மந்திரவாதியிடம் மந்திரிக்கப் போவதைத் தடுப்பதில்லை. ஆனால் இந்த நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். இந்த நோயால் மண்ணீரல் பழுதான பிள்ளைக்குக் கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும்.

வலி அடிக்கடி வராமல் தடுக்க ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை இருக்கிறது. இந்தியாவில் 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரையிலான பழங்குடி மக்களைப் பரிசோதிக்கிறார்கள். இந்தியாவில் இந்த மரபணுவை முதலில் கண்டறிந்தது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-ல். அதனால் நம்மூர் மலைக்கிராமங்களில் வேலை செய்யும் செவிலியர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கணவன் மனைவி இருவருமே மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் கர்ப்பிணிக்கு முதல் பரிசோதனையிலேயே இதையும் பாருங்கள். மரபணு இருந்தால், கணவரையும் அந்த வாரமே வரச் சொல்லுங்கள்.