பத்துப் படி ஈரம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கேப்டவுனில் மகள் வீட்டுக்குப் போனவர், அங்கிருந்து மனைவியோடு ஒரு சொகுசுக் கப்பலில் ஏறியிருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு. 1815-இல் நெப்போலியனைக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்களே, அதே தீவு. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடம் படித்த நாளிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாம்.

"வெயில் பளிச்சென்று அடிக்கிறது. காற்றே இல்லை. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. என் கையிலிருந்த காபி தளும்பக்கூட இல்லை. கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்போது பார்த்து, 'கடல் நிலை சரியில்லை, இன்று யாரும் இறங்க முடியாது' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். டீசலை மிச்சம் பிடிக்கத்தானே சார் இந்த நாடகம்?"

கடிதத்தோடு ஒரு புகைப்படமும் அனுப்பியிருந்தார். கப்பல் மேல்தளத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்த, அந்தத் தீவின் தலைநகரான ஜேம்ஸ்டவுனின் படித்துறை. 'பாருங்கள், எவ்வளவு அமைதி' என்று காட்டத்தான் அனுப்பினார். அவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

துறைமுகத்தில் போதுமான ஆழமோ இடமோ இல்லாத ஊர்களில் பெரிய கப்பல் தள்ளி நின்றுவிடும். சின்னப் படகுகள் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். அந்தப் படகுக்கு டெண்டர் என்று பெயர். டெண்டர் என்றதும் நமக்குப் பொதுப்பணித்துறைதான் ஞாபகம் வரும். இது வேறு: பெரிய கப்பலுக்குக் கூடமாட உதவி செய்கிற படகு என்று பொருள். பல கப்பல்களில் பக்கவாட்டில் தொங்கும் உயிர்காப்புப் படகுகளில் சிலவே இந்த வேலையையும் செய்கின்றன.

இதில் ஆபத்தான இடங்கள் இரண்டு. கப்பலிலிருந்து படகுக்குக் கால் வைக்கும் இடம் ஒன்று. படகிலிருந்து படிக்குக் கால் வைக்கும் இடம் இன்னொன்று. நடுவில் கடலில் போகும் பத்து நிமிடத்தில் அதிகபட்சம் வாந்தி வரும், அவ்வளவுதான்.

முதல் இடத்தைக் கப்பல்காரர்களால் ஓரளவு சமாளிக்க முடியும். கப்பலையே சுவராக வைத்துக்கொள்வார்கள். அலை வரும் பக்கத்துக்குக் கப்பலின் ஒரு விலாவைக் காட்டி நிறுத்திவிட்டு, மறுபக்கத்தில் கதவைத் திறந்து படகை அணைப்பார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் அடங்கியிருக்கும். ஆனால் இந்தச் சுவர் சில அலைகளைத்தான் மறிக்கும், எல்லாவற்றையும் மறிக்காது. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கடல் அலையில் தண்ணீர் முன்னோக்கி ஓடுவதில்லை. ஒவ்வொரு துளியும் இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றுகிறது. மேற்பரப்பில் பெரிய வட்டம், கீழே போகப் போகச் சின்ன வட்டம். அலைநீளத்தில் பாதி ஆழம் போனால் ஆட்டம் அநேகமாக இல்லை. அதாவது குட்டை அலை மேலோட்டமானது, நீண்ட அலை அடி வரைக்கும் ஆள்கிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை விநாடி என்று எண்ணினால் அலைநீளம் கிடைத்துவிடும்: ஆழ்கடலில் விநாடியை விநாடியாலேயே பெருக்கி, மீண்டும் 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும்.

உள்ளூர்க் காற்று கிளப்பும் 4 விநாடி அலைக்கு நீளம் 25 மீட்டர். 8 மீட்டர் ஆழத்துக்கு முழுகி நிற்கும் கப்பல் அதன் ஆற்றலில் ஏறக்குறைய முழுவதையும் மறித்துவிடும். 8 மீட்டருக்குக் கீழே இருப்பது 2 சதவீதம்தான். இப்போது 14 விநாடி அலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 300 மீட்டருக்கும் மேல். அதன் ஆற்றலில் 70 சதவீதத்துக்கு மேல் கப்பலின் அடிவயிற்றுக்கும் கீழே இருக்கிறது. சாத்திய கதவுக்கு அடியில் வெள்ளம் புகுந்த மாதிரி அது பாட்டுக்கு மறுபக்கம் வந்துவிடும். அந்த அலைக்குக் கப்பல் சுவரே அல்ல, ஏதோ மிதக்கும் தேங்காய் மட்டை.

அப்படியானால் நம் வாசகரின் காபி ஏன் தளும்பவில்லை? 60 சென்டிமீட்டர் உயரத்தை 300 மீட்டர் நீளத்தில் பரப்பிப் பாருங்கள். சரிவு கண்ணுக்கே தெரியாது. ஏழு விநாடி மெதுவாக மேலே, ஏழு விநாடி மெதுவாகக் கீழே. நம் உடம்புக்கும் தெரியாது, காபிக்கும் தெரியாது.

இந்த நீண்ட அலைகளை மாலுமிகள் ஸ்வெல் என்பார்கள். செயின்ட் ஹெலினாக்காரர்கள் ரோலர் என்கிறார்கள். அவை அந்தத் தீவில் பிறந்தவை அல்ல. அங்கே ஆண்டு முழுவதும் தென்கிழக்குக் காற்றுதான், ஜேம்ஸ்டவுன் இருப்பதோ காற்றுப்படாத வடமேற்குப் பக்கம். அதனால்தான் அங்கே ஊரை வைத்தார்கள். ஆனால் வடக்கே குளிர்காலம் வந்தால், நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் வட அட்லாண்டிக்கில் பெரிய பெரிய புயல்கள் கிளம்பும். அங்கிருந்து செயின்ட் ஹெலினாவுக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர். அந்தப் புயலின் அலைகள் நிலநடுக்கோட்டைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் புடைப்பை ஒட்டி நழுவி, நேராக ஜேம்ஸ்டவுன் வாசலுக்கு வந்து நிற்கின்றன.

வழியில் ஓர் அழகான வேலை நடக்கிறது. புயலில் எல்லா நீள அலைகளும் கலந்து கொந்தளிக்கும். ஆனால் ஆழ்கடலில் நீண்ட அலை வேகமாகப் போகும், குட்டை அலை பின்தங்கும். 18 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் போகும், 12 விநாடிக் கூட்டம் 34 கிலோமீட்டர்தான். ஒரே மைதானத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பிய மாரத்தான்காரர்கள் போகப் போக வரிசையாகப் பிரிவதைப் போலத்தான். 8,000 கிலோமீட்டர் தாண்டும்போது 18 விநாடிக்காரர் ஆறரை நாளில் வந்துவிடுவார், 12 விநாடிக்காரர் வந்து சேரப் பத்து நாள் ஆகும். ஆக, கரையில் ஒரு கடிகாரத்தோடு உட்கார்ந்து, அலை இடைவெளி 18-லிருந்து 12-க்கு இறங்க மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது என்று கண்டால், புயல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்த நாளில் அடித்தது என்று நோட்டுப் புத்தகத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். செயற்கைக்கோள் வேண்டாம். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

இதைப் பசிபிக்கில் நேரடியாகச் செய்து காட்டியவர் அமெரிக்கக் கடலியல் அறிஞர் வால்டர் மங்க். 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அலை அளக்கும் நிலையங்களை ஒரே கோட்டில் வைத்து, அண்டார்டிகா பக்கத்துப் புயல்களின் அலைகளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பின்தொடர்ந்தார். புயலை விட்டு வெளியே வந்தபின் வழியில் அவை ஏறக்குறைய எதையும் இழப்பதில்லை என்று தெரிந்தது. அவர் இந்தத் துறைக்குள் வந்ததே படகிலிருந்து கரையிறங்கும் பிரச்சினையால்தான். இரண்டாம் உலகப்போரில் வீரர்கள் இறங்கும் படகுகள் சுமார் 5 அடி அலைக்கு மேல் தாங்கவில்லை. எந்த நாளில் இறங்கலாம் என்று முன்கூட்டிச் சொல்ல, தன் ஆசிரியர் ஸ்வெர்ட்ரப்போடு சேர்ந்து அலைக் கணிப்பு முறையை உருவாக்கினார். 2019-இல், 101 வயதில் காலமானார்.

நம் வாசகருக்கு இறங்கும் வாய்ப்பை மறுத்தது 14 விநாடி அலை என்று வைத்துக்கொண்டால், அது புறப்பட்டு எட்டரை நாள் ஆகியிருக்க வேண்டும். அப்போது அவர் கப்பலிலேயே ஏறவில்லை. மகள் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

சரி, கப்பலில் தெரியாத அலை கரையில் மட்டும் எப்படித் தெரிகிறது? ஆழம் குறையக் குறைய அலை வேகம் குறைகிறது. சுங்கச்சாவடியில் வண்டிகள் வேகம் குறைந்ததும் ஒன்றோடொன்று நெருங்குகின்றனவே, அதே போல ஆற்றல் நெருங்குகிறது. அலை உயர்கிறது. அடியில் 3 மீட்டர் தண்ணீர் நிற்கும் ஒரு படித்துறையை எடுத்துக்கொள்வோம். 14 விநாடி அலைக்கூட்டத்தின் வேகம் அங்கே வருவதற்குள் பாதியாகிவிடும். ஆற்றல் இரட்டிப்பாகும். 60 சென்டிமீட்டர் அலை 85 ஆகும். அடுத்து, முன்னால் நிற்பது செங்குத்தான கற்சுவர். மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சுவரருகே ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஏற்ற இறக்கம் இன்னொரு மடங்காகிறது. 170 சென்டிமீட்டர். ஓர் ஆள் உயரம். படி ஒன்று 17 சென்டிமீட்டர் என்றால், ஏழு விநாடிக்குள் பத்துப் படி மூழ்கும், அடுத்த ஏழு விநாடியில் பத்துப் படி வெளியே வரும். படகும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

ஜேம்ஸ்டவுன் படித்துறையில் தலைக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி, அதிலிருந்து கயிறுகள் தொங்கும். படகு மேலே வரும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்குத் தாவ வேண்டும். அலையின் உச்சியில் படகின் மேல்கீழ் வேகம் ஒரு கணம் பூஜ்யம். அந்தக் கணத்தில்தான் கால் வைக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறிய தலைமுறைக்கு இது சொல்லாமலே புரியும். முந்தினால் தப்பிவிடலாம். பிந்தினால், கீழே இறங்கும் படகுக்கும் சுவருக்கும் நடுவில் கால் இருக்கும். எண்பது வயதுக்காரர்களும் சக்கர நாற்காலிக்காரர்களுமாக ஆயிரம் பேரை இப்படி இறக்கி, சாயங்காலம் இதே வழியில் திரும்ப ஏற்றவும் வேண்டும். காலையில் கப்பலிலிருந்து முதல் படகில் ஓர் அதிகாரி போய்ப் படித்துறையைப் பார்த்துவிட்டு வருவதற்குக் காரணம் இதுதான். கேப்டன் கேட்பது கடல் எப்படி இருக்கிறது என்று அல்ல, படி எப்படி இருக்கிறது என்று.

அந்த அதிகாரி போனவுடன் திரும்பக் கூடாது. கால் மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். 14 விநாடி அலையும் 13 விநாடி அலையும் கலந்து வந்தால், சில சமயம் இரண்டின் முகடும் சேரும், சில சமயம் ஒன்றின் முகட்டில் மற்றதன் பள்ளம் விழுந்து அடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இந்தச் சுற்று. இரண்டு நிமிடம் குளம் மாதிரி இருந்த இடத்தில் திடீரென்று நாலைந்து பெரிய அலை அடுத்தடுத்து வருவது இதனால்தான். 'ஏழாவது அலை பெரிது' என்று கடற்கரைகளில் சொல்வார்கள். ஏழு என்ற எண்ணில் ஒன்றும் இல்லை. பெரிய அலைகள் கூட்டமாக வரும் என்பது மட்டும் உண்மை. எண்ணி ஏழு முடிந்ததென்று நம்பிக் காலை வைப்பவரை எட்டாவது அலை கொண்டுபோகும்.

பழைய சென்னைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டும்வரை அங்கேயும் கப்பல்கள் வெளியேதான் நின்றன. சலங்கு என்ற மசூலா படகில்தான் ஆட்களும் சரக்கும் அலையைத் தாண்டி வந்தார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது, ஆணி கிடையாது. தரையில் மோதினால் ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதை வடிவமைத்தவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

செயின்ட் ஹெலினாவில் 1846 பிப்ரவரி 17 அன்று இந்த ரோலர்கள் விசுவரூபம் எடுத்தன. 13 கப்பல்கள் நொறுங்கின, அவற்றில் பல அடிமை வணிகத்தில் பிடிபட்டு நின்றவை. புயல் அடித்தது ஒரு பெருங்கடலின் அந்தக் கோடியில்.

நம் தெற்குக் கரைக்கும் இதே கதைதான். கேரளத்தில் கள்ளக்கடல் என்கிறார்கள்: திருடன் மாதிரி சத்தமில்லாமல் வரும் கடல். தெற்கே வெகு தூரத்தில் அடித்த புயல், இங்கே தெளிந்த வானம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் முன்பே கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது. இப்படி ஒன்று நடந்தால், கடல் பலி கேட்கிறது என்று பேச நம் ஊரில் ஆள் உண்டு. கடல் எதையும் கேட்பதில்லை. அலை அளக்கும் மிதவைதான் பராமரிப்புக்குக் காசு கேட்கிறது. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், உப்பில் ஊறிப் பாசி பிடித்துக் கிடக்கும் ஒரு மஞ்சள் மிதவைக்கும் கொஞ்சம் கைதட்டலாம் என்பது என் கட்சி. எச்சரிக்கை ஹைதராபாத்தில் கிளம்பினால் மட்டும் போதாது, மணலில் நிற்பவர் காதுக்கும் அது போய்ச் சேர வேண்டும். அந்தக் கடைசி நூறு மீட்டருக்கு யாரும் பட்ஜெட் போடுவதாகத் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது விவேகானந்தர் பாறைக்குப் படகேறப் போனோம். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. படகோட்டி என் கையை நீட்டச் சொல்லிவிட்டு, விரல்களைத் தொடாமல் முழங்கைக்குக் கீழே பிடித்தார். என் கையையும் அவர் முன்கையைப் பிடிக்க வைத்தார். விரலோடு விரல் கோத்தால் வேர்வையிலேயே நழுவிவிடும். இப்படிப் பிடித்தால் ஒருவர் பிடி விட்டாலும் இன்னொருவர் பிடி இருக்கும். "இரு... இரு... இரு..." என்றார். "வா!"

இனி அந்தப் புகைப்படம். பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா. தண்ணீர் மூன்றாவது படியில் அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கிறது. அதற்கு மேலே எண்ணுங்கள். பதின்மூன்றாவது படி வரைக்கும் கல் கறுத்து, வெயிலில் பளபளக்கிறது. பதினான்காவது படி வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. அந்தப் படியில் நிற்கும் மனிதர் உங்கள் கப்பலைப் பார்த்துக் கையைக் குறுக்கே ஆட்டிக்கொண்டிருக்கிறார்.